வீட்டு வேலைக்கு ராட்செட் திருப்புளி வாங்கலாமா, பிட் மாற்றும் சாதாரணத் திருப்புளி போதுமா?

கேட்டவர் திருப்பூரில் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார். கட்டிலும் அலமாரியும் பூட்ட வேண்டும். மிக்ஸி, கிரைண்டர், ஸ்விட்ச் போர்டு என்று அவ்வப்போது எதையாவது கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். பிட் (கழற்றி மாட்டும் முனை) மாற்றும் சாதாரணத் திருப்புளி போதுமா, கூடுதலாகப் பணம் போட்டு, பிடியை விடாமல் முன்னும் பின்னும் ஆட்டியே திருக உதவும் ராட்செட் வைத்ததையே வாங்கிவிடலாமா என்கிறார்.

சாதாரணமானதையே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல பிட்டுகள் கொஞ்சமும், மெல்லிய நீளத் தண்டுள்ள டூ இன் ஒன் திருப்புளி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ராட்செட் அதற்கப்புறம். கோவை ஆவாரம்பாளையத்தில் மோட்டார், கிரைண்டர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். என் மேசையில் ராட்செட்டும் இருக்கிறது. அதை எனக்குப் பிடிக்கவும் பிடிக்கும். ஆனாலும் வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் அதைச் சொல்ல மாட்டேன்.

ராட்செட்டின் அருமை தோட்டத்துப் போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது தெரியும். இடது கை ஒயரைப் பிடித்திருக்கும், வலது கைக்கு மணிக்கட்டைத் திருப்பும் அளவுக்குத்தான் இடம் இருக்கும். சாதாரணத் திருப்புளியில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் பிடியை விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். ராட்செட்டில் கையை எடுக்கவே வேண்டியதில்லை. பிடிக்குள் ஒரு சிறு பல்சக்கரம் இருக்கிறது, அதன் பல்லில் விழுந்து பிடிக்கும் நாக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் பிடிக்கும், மறுபக்கம் திருப்பினால் கிரிக் கிரிக் என்று வழுக்கி விடும். சக்கரத்தில் 36 பல் என்றால் 10 பாகைக்கு ஒரு தடவை பிடிக்கும். 72 பல் என்றால் 5 பாகைக்கு ஒரு தடவை. இடுக்கில் வேலை செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. மணிக்கட்டு வலி உள்ள பெரியவர்களுக்கும் இது நல்ல உதவி. அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்து அவர்கள்தான் அதிகம் திருகப் போகிறார்கள் என்றால், நான் சொன்ன வரிசையை மாற்றி ராட்செட்டையே முதலில் வாங்குங்கள்.

கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. நாக்கு வழுக்கும்போது கொஞ்சம் இழுவை இருக்கும். ஸ்குரூ இறுகலாக இருக்கும்வரை அது தெரியாது. மரை பிடிக்க ஆரம்பிக்கும் முதல் இரண்டு சுற்றிலும், கழன்று வரும் கடைசிச் சுற்றுகளிலும் ஸ்குரூ லேசாக இருக்கும். அப்போது நீங்கள் பிடியைப் பின்னால் திருப்பினால் ஸ்குரூவும் கூடவே பின்னால் வரும். கிரிக் கிரிக் என்று சத்தம் மட்டும் கேட்கும், வேலை நகராது. கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். பிட்டை மாட்டி, இரண்டு விரலால் அதை மெதுவாகப் பிடித்துக்கொண்டு பிடியை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். விரலுக்குள் பிட் நிலையாக நின்றால் அது நல்ல ராட்செட். விரலையும் மீறிச் சுழன்றால், "இது வேண்டாங்கண்ணா, வேற காட்டுங்க" என்று சொல்லிவிடுங்கள். விலை மலிந்த ராட்செட்டுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தோற்கும்.

தூசியும் அதற்குப் பகை. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடங்களில் புழங்கும் ராட்செட்டில் பஞ்சு போய் கிரீஸோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். நாக்கு ஒட்டிக்கொண்டால் பிடிக்க வேண்டிய நேரத்தில் நழுவும். கிரீஸைத் துடைத்துவிட்டு மெல்லிய மிஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டால் போதும்.

அடுத்தது பலம். கிரைண்டர் அடித்தட்டில் மாவுத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்த ஸ்குரூவை ராட்செட்டால் அசைக்கப் பார்க்காதீர்கள். உடல் பாரத்தை மேலிருந்து கொடுத்து அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டிய வேலை அது. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் சின்ன நாக்கை நம்பக் கூடாது. ஒரே தண்டாக உள்ள கனமான திருப்புளியால் முதல் கால் சுற்றை உடைத்துவிட்டு, மீதிக்கு ராட்செட்டைப் போடலாம். இறுக்கும்போது வரிசை அப்படியே தலைகீழ்: ராட்செட்டால் ஓட்டிவிட்டு, கடைசி இறுக்கத்தைக் கெட்டிப் பிடியால் கொடுக்க வேண்டும். நடுவில் லாக் நிலை (எந்தப் பக்கமும் வழுக்காத நிலை) உள்ள ராட்செட் என்றால் மிதமான இறுக்கத்துக்கு அதையே பயன்படுத்தலாம்.

பிட் மாற்றும் திருப்புளிக்கும் குறை உண்டு. மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். பல மாடல்களில் அடியில் உள்ள ஸ்குரூ ஒடுக்கமான குழிக்குள் ஆழத்தில் இருக்கும். பிட்டைப் பிடிக்கும் மூக்கு தடிமனானது, அந்தக் குழிக்குள் நுழையாது. 25 மில்லிமீட்டர் பிட்டில் பாதி மூக்குக்குள் போய்விடுவதால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் கொஞ்சம்தான். ராட்செட்டிலும் இதே மூக்கு, இதே தொல்லை. டூ இன் ஒன் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்: தண்டை உருவித் திருப்பிப் போட்டால் ஒரு முனை கூட்டல் குறி மாதிரி இருக்கும் ஸ்டார், மறுமுனை பட்டை. முனைவரை ஒரே மெல்லிய தண்டு.

பிட்டின் பெரிய லாபம், முனை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது. பின்பக்கம் 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குல அறுகோணமாக இருந்தால் எந்தக் கம்பெனிப் பிட்டும் பொருந்தும். வீட்டில் அதிகம் தேய்வது பிஎச்2 என்ற அளவுள்ள ஸ்டார் பிட். அதில் மட்டும் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ரிமோட், பொம்மை மாதிரி சின்னச் சாமான்களுக்கு பிஎச்0, பிஎச்1 வேண்டும். உங்கள் ஊரில் நிறையப் புழங்கும் ஜப்பானிய வடிவமைப்புத் தையல் மிஷின்களிலும் பல பைக்குகளிலும் ஸ்டார் மாதிரியே தெரியும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரநிலை) வகை ஸ்குரூ வரும். சில ஸ்குரூக்களில் தலையில் ஒரு சிறு புள்ளி அடையாளமாக இருக்கும். சாதாரண ஸ்டார் பிட் அதன் அடிவரை இறங்காது. அரைகுறையாக உட்கார்ந்த நிலையில் திருப்பினால் ஸ்குரூவின் மண்டை வழித்துக்கொண்டு போய்விடும். தையல் மிஷின் வைத்திருந்தால் அந்தப் பிட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பட்டைப் பிட்டை எடுக்கும்போது ஸ்குரூவின் வெட்டு முழுவதையும் நிரப்பும் அகலம் பார்த்து எடுங்கள்.

காந்தத்தை ரொம்ப நம்ப வேண்டாம். இரும்பு ஸ்குரூவை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பிளக்கிலும் ஸ்விட்சிலும் ஒயர் பூட்டும் பித்தளை ஸ்குரூவைப் பிடிக்காது. பிட்டையும் காந்தம் மட்டுமே பிடித்திருந்தால், இறுகின குழிக்குள்ளேயே பிட் தங்கிவிடும். வளையத்தைப் பின்னால் இழுத்தால்தான் பிட் வெளியே வரும் என்ற வகை கிடைத்தால் அதை எடுங்கள்.

ஸ்விட்ச் போர்டுக்கு ராட்செட், பிட் மாற்றும் திருப்புளி இரண்டுமே வேண்டாம். பிட்டும் மூக்கும் வெறும் உலோகம். முனைவரை காப்புறை போட்ட, 1000 வோல்ட் என்றும் இரட்டை முக்கோணக் குறியும் அச்சிட்ட திருப்புளி தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தாலும் மெயினை அணைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் டெஸ்டரையே திருப்புளியாக்கி ஸ்குரூ திருகுகிறார்கள். அதன் பிளாஸ்டிக்குக்குள் உங்கள் விரலுக்கு வரும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இருக்கிறது. திருகித் திருகி அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தால் டெஸ்டரை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.