மார்மன்களும் கேலியும்

அன்புள்ள ஐயா,

யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். என் அலுவலகத்தில் பெரும்பாலானவர்கள் மார்மன்கள், அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். காபி, டீ தொடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குக்கூடப் போகமாட்டார்கள். ஆனால் நான் வீடு மாறியபோது கேட்காமலே நான்கு பேர் வந்து சாமான் தூக்கினார்கள்.

சமீபத்தில் நியூயார்க் போயிருந்தபோது அவர்களைக் கேலி செய்யும் ‘தி புக் ஆஃப் மார்மன்’ இசை நாடகம் பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். திரும்பி வந்து அந்த நால்வரில் ஒருவரோடு மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது என்னவோ போல் இருந்தது. நாடகம் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

இத்தனை பேர் இத்தனை வருடமாகச் சிரித்த பிறகும் இவர்கள் எப்படி நம்புகிறார்கள்? என் அறைத்தோழர், ‘இன்னும் ஒரு தலைமுறை போதும், சிரித்தே இந்த மதத்தை முடித்துவிடுவார்கள்’ என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரித்தே முடித்துவிடலாம் என்றால் 1830லேயே முடிந்திருக்கும். அந்த வருடம் மார்ச்சில் நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா என்ற சிற்றூரில் அவர்களுடைய வேதமான மார்மன் புத்தகம் அச்சாகி வந்தது. சில மாதங்களுக்குள் அந்த ஊர்ப் பத்திரிகையே, அதே வேதநடையில் ஒரு பகடி எழுதி வெளியிட்டது. 1872இல் மார்க் ட்வைன் அந்தப் புத்தகத்தை ‘அச்சில் வந்த குளோரோஃபார்ம்’ என்றார். படித்தால் மயக்கம் வந்துவிடுமாம். எதிரிகள் கேலியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. 1838இல் மிசூரி ஆளுநர், மார்மன்களை ஒழித்துக்கட்ட வேண்டும், இல்லையென்றால் மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவு போட்டார். 1844இல் அவர்களுடைய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குள் புகுந்து ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. மூன்று வருடம் கழித்து மிச்சமிருந்தவர்களில் பெரும்பகுதியினர் அடுத்த தலைவர் பிரிகாம் யங் பின்னால் நடந்து, நீங்கள் இன்று வேலை பார்க்கும் பகுதிக்கு வந்து சேரத் தொடங்கினார்கள். இன்றைக்கு அந்தச் சபையின் கணக்குப்படி உலகம் முழுக்க 1.7 கோடிப் பேருக்கு மேல் உறுப்பினர்கள்.

உங்கள் அறைத்தோழருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கேலிக்கு அவர்களுடைய வேதத்திலேயே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மார்மன் புத்தகத்தின் முதல் பகுதியில், எட்டாம் அதிகாரத்தில், ஒரு கனவு வருகிறது. அதைக் கண்டவர் லீஹை. நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கனவில் ஒரு மரம், அதில் வெள்ளை வெளேரென்று பழம். தின்றவர் மனம் மகிழ்ச்சியில் நிறைகிறது. மரத்துக்குப் போகிற குறுகலான பாதையை ஒட்டி ஓர் இரும்புக் கம்பி. கண் தெரியாத மூடுபனியில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருபவர்களே போய்ச் சேருகிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய, விசாலமான ஒரு கட்டடம், தரையில் ஊன்றாமல் ஆகாயத்தில் நிற்கிறது. உள்ளே ஆணும் பெண்ணும், கிழவரும் இளைஞரும், விலையுயர்ந்த உடை உடுத்திக்கொண்டு, பழம் தின்பவர்களை நோக்கி விரல் நீட்டிச் சிரிக்கிறார்கள்.

மார்மன் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளரும் கதை இது. இரும்புக் கம்பியைப் பற்றி அவர்களுடைய பாடல் புத்தகத்தில் பாட்டே இருக்கிறது. அப்படி வளர்ந்த ஒருவர், நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் நல்ல உடுப்புப் போட்ட ஆயிரம் பேர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் எதற்குத் திகைக்க வேண்டும்? சிறுவயதில் சொன்னது கண்முன் நடக்கிறது, அவ்வளவுதான். சிரிப்பு பெரிதாகப் பெரிதாகக் கம்பியைப் பிடித்திருக்கும் கையும் இறுகும்.

ஆனால் கனவு அதோடு முடியவில்லை. பழத்தைத் தின்ற சிலர் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். சிரிப்பவர்களைக் கண்டு வெட்கப்படுகிறார்கள். அப்புறம் பாதையை விட்டு விலகித் தொலைந்தே போகிறார்கள். யாரும் அவர்களோடு வாதிட்டுத் தோற்கடிக்கவில்லை, வெட்கம் மட்டுமே போதுமானதாக இருந்திருக்கிறது. எழுதியது யாராக இருந்தாலும், மனித மனதை நன்றாகத் தெரிந்தவர்.

சபையின் தலைமை இந்த வெட்கத்தைத்தான் முதலில் துடைத்தது. 2011 மார்ச்சில் நீங்கள் பார்த்த நாடகம் தொடங்கி, அந்த ஆண்டே அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனியில் ஒன்பதை வாரிக்கொண்டு போனது. தலைமை மறியல் செய்யச் சொல்லவில்லை, வழக்குப் போடவில்லை. நாடகம் பார்வையாளர்களை ஒரு மாலைப்பொழுது மகிழ்விக்கலாம், வேதமான மார்மன் புத்தகமோ மனிதர்களைக் கிறிஸ்துவிடம் நெருங்கச் செய்து வாழ்க்கையையே மாற்றும் என்ற பொருளில் ஒற்றை வாக்கியம் வெளியிட்டது. பிற்பாடு நாடகத்தின் நிகழ்ச்சிப் புத்தகத்திலேயே காசு கொடுத்து விளம்பரம் போட்டது: ‘நாடகத்தைப் பார்த்துவிட்டீர்கள், இப்போது புத்தகத்தைப் படியுங்கள்.’ இதைச் சாமர்த்தியம் என்று மட்டும் பலர் எழுதினார்கள். எனக்கு அதில் நிதானம் தெரிகிறது. தன் பிள்ளைகளிடம் ‘இதற்குக் கூனிக் குறுக வேண்டாம்’ என்று சபை சொல்லிய விதம் அது.

அப்படியென்றால் கேலியால் ஒரு பாதிப்பும் இல்லையா? உண்டு. ஆனால் நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்த இடங்களில் இல்லை. அந்த நாடகத்தில் நரகத்தைப் பற்றி ஒரு பெரிய கனவுப் பாட்டு வருமே, நினைவிருக்கிறதா? மார்மன் இறையியலில் தீயும் பிசாசும் நிறைந்த அப்படி ஒரு நரகத்துக்கு அதிக இடம் கிடையாது. ஏறக்குறைய எல்லா மனிதரும் மறுமையில் மூன்று மகிமை உலகங்களில் ஒன்றுக்குப் போவார்கள் என்பதே அவர்கள் போதனை. நம்பிக்கையாளர் அந்தப் பாட்டைக் கேட்டால் ‘எங்களை இவர்களுக்குத் தெரியவில்லை’ என்று நகர்ந்துவிடுவார். நையாண்டி தப்பாகச் சொன்னது எதுவும் அவரைத் தொடாது. சரியாகச் சொல்லும்போதுதான் சிக்கல்.

இதே நாடகத்தை உருவாக்கியவர்களில் இருவர், ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும், 2003 நவம்பரில் தங்கள் ‘சவுத் பார்க்’ கார்ட்டூன் தொடரில் மார்மன்களைப் பற்றி ஒரு பகுதி எடுத்தார்கள். அதில் ஜோசப் ஸ்மித் ஒரு தொப்பிக்குள் கல்லைப் போட்டு, முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு, அதில் தெரியும் வாசகங்களைச் சொல்லிக்கொண்டே போக, எதிரில் இருப்பவர் எழுதுகிறார். வேதம் உருவாகிற காட்சி! பார்க்கிற வெளியாருக்கு அது கார்ட்டூன்காரர்களின் குசும்பு என்றுதான் தோன்றும். பல மார்மன்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. காரணம், அவர்கள் ஞாயிறு வகுப்பிலும் சபை இதழ்களிலும் பார்த்து வளர்ந்த ஓவியங்கள் வேறு. அவற்றில் ஸ்மித் மேஜைமுன் கம்பீரமாக உட்கார்ந்து, தேவதூதன் தந்ததாக அவர் சொன்ன, வேதத்தின் மூலமான பொன் தகடுகளை விரித்து வைத்து, எழுத்துகளின்மேல் விரலோட்டிப் படிப்பார். தொப்பி எங்கும் கிடையாது.

ஆனால் தொப்பி உண்மை. ஸ்மித்தின் மனைவி எம்மா 1879இல் கொடுத்த பேட்டியில் இதைச் சொல்லியிருக்கிறார்: கல் வைத்த தொப்பிக்குள் முகம் புதைந்திருக்கும், தகடுகள் துணி சுற்றி மேஜைமேல் கிடக்கும். தகடுகளைக் கண்டதாகச் சாட்சி சொன்ன மூவரில் ஒருவரான டேவிட் விட்மர் 1887இல் அச்சிட்டே வைத்தார். சபை இதை அடியோடு மறைத்தது என்பதும் நியாயம் இல்லை. பின்னாளில் சபைத் தலைவரான ரஸ்ஸல் நெல்சன் 1993இல் சபையின் மாத இதழில் விட்மரின் அந்த வரிகளை அப்படியே எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆனால் ஏதோ ஒரு மாத இதழின் ஏதோ ஒரு பக்கத்தில் இருப்பது வேறு, சுவரில் மாட்டிய ஓவியம் வேறு. தினமும் கண்ணில் படுவது ஓவியம்தான். முதல்முறை தொப்பியைக் கார்ட்டூனில் பார்த்து, ‘பொய்’ என்று கோபப்பட்டு, தேடிப் பார்த்து, உறைந்துபோனதாகச் சபையிலிருந்து வெளியேறிய எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களை உடைத்தது கல்லும் தொப்பியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேவதூதன் வந்து பொன் தகடு கொடுத்தான் என்பதை நம்புகிறவருக்குத் தொப்பி ஒரு பொருட்டா? ‘என் வீட்டுக் கதையை என் வீட்டார் எனக்குச் சொல்லவில்லை, என்னைக் கேலி செய்கிறவன் வந்து சொல்கிறான்’ என்ற வலிதான் தாங்க முடியாதது. தொப்பி ஒன்று விடுபட்டதென்றால் வேறு என்னவெல்லாம் விடுபட்டது என்ற கேள்வி அடுத்த நிமிடமே வந்துவிடும். சபைக்கும் இது புரிந்தது. 2013இன் கடைசியில் தன் இணையதளத்தில் தொப்பியைப் பற்றி வெளிப்படையாக ஒரு கட்டுரை போட்டது. சபையின் சாதாரண ஆண்களும் பெறும் குருத்துவம் கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை மறுக்கப்பட்டதைப் பற்றியும், ஸ்மித்தின் பலதார மணத்தைப் பற்றியும் கட்டுரைகள் வந்தன. 2015இல் அந்தக் கல்லின் புகைப்படத்தையே வெளியிட்டது. சாக்லேட் நிறத்தில், முட்டை வடிவத்தில், சின்னக் கல். நையாண்டி மட்டுமே இதைச் செய்ய வைத்தது என்று சொல்லமாட்டேன். இணையத்தின் பங்கு மிகப் பெரியது. ஆனாலும் சபைக்கு முன்பே கார்ட்டூன் லட்சக்கணக்கான வீடுகளில் போய் அதைச் சொல்லிவிட்டது.

நான் அதிகம் யோசித்தது வேறொன்றைப் பற்றி. அந்தக் கார்ட்டூன் பகுதியின் முடிவில் மார்மன் சிறுவன் ஒருவன், தன்னை ஒதுக்கிய பையனிடம் பேசுகிறான்: ஜோசப் ஸ்மித் எல்லாவற்றையும் இட்டுக்கட்டியிருந்தாலும் எனக்குக் கவலையில்லை, குடும்பத்தை நேசிக்கவும் பிறருக்கு உதவவும் எங்கள் சபை கற்றுத் தருகிறது, அது போதும் என்கிறான். பல விமர்சகர்கள் இதைப் பெருந்தன்மை என்று மெச்சினார்கள். நீங்கள் பார்த்த நாடகமும் கடைசியில் இதே இடத்துக்குத்தான் வருகிறது. கதை பொய்யானாலும் மனிதரை நல்லவராக்கினால் சரி.

அதே 2003 ஏப்ரலில் அன்றைய சபைத் தலைவர் கோர்டன் ஹிங்க்லி பொது மாநாட்டில் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒன்று இந்தச் சபை உண்மையானது, இல்லையென்றால் மோசடி, நடுவில் இடம் கிடையாது. ஏழு மாதம் கழித்து ஒரு கார்ட்டூன் அந்த நடுவிடத்தை அன்போடு நீட்டுகிறது. கேலியைவிட இந்த அன்புதான் மார்மன் நம்பிக்கைக்குப் பெரிய சோதனை என்பது என் எண்ணம். கேலியை எதிர்த்து நிற்கலாம், அதற்குக் கனவும் கம்பியும் இருக்கின்றன. ‘நீங்கள் எவ்வளவு நல்லவர்கள், அந்தப் பொன் தகட்டை மட்டும் கீழே வைத்துவிடுங்கள்’ என்று கைபிடித்துச் சொல்பவரை எப்படி எதிர்ப்பது? மாதத்தின் முதல் ஞாயிறு பட்டினி இருந்து, எழுந்து நின்று, ‘இந்தச் சபை உண்மையென்று நான் அறிவேன்’ என்று சாட்சி சொல்கிறவர்கள் அவர்கள். உங்கள் வீட்டுச் சாமானைத் தூக்கிய கைகளை மட்டும் ஏற்றுக்கொண்டு அந்தச் சாட்சியை விட்டுவிடுங்கள் என்றால், அவர்களுக்கு அது பாராட்டாகப் படாது.

உங்கள் நண்பரிடம் நாடகம் பார்த்ததைத் தாராளமாகச் சொல்லலாம். அவருக்கு அது புதிய செய்தியாக இருக்காது. அவர்களுடைய கோயிலுக்குள், வெளியாரை அனுமதிக்காமல் நடக்கும் சடங்குகளைப் பற்றி மட்டும் வேடிக்கையாகப் பேசிவிடாதீர்கள். 2009இல் எச்பிஓ தொலைக்காட்சி தன் தொடர் ஒன்றில் அந்தச் சடங்கைக் காட்சியாகக் காட்டியபோது சபை உறுப்பினர்கள் பட்ட வேதனை, எந்தக் கேலிப் பாட்டுக்கும் பட்டதல்ல. எச்பிஓ வருத்தம் தெரிவித்தது, ஆனாலும் ஒளிபரப்பியது. அப்புறம், பதினெட்டு வயதில் வெள்ளைச் சட்டையும் பெயர் அட்டையுமாக ஊர் பேர் தெரியாத இடத்தில் மதம் பரப்பக் கதவு தட்டும் பையன்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். தலைமையகம் விளம்பரம் போட்டுச் சமாளித்துவிடும். கதவைத் திறந்தவர் நாடகத்தின் முதல் பாட்டைப் பாடிக் காட்டிச் சிரித்தால், அதைத் தனியாக வாங்கிக்கொள்வது அந்தப் பையன்தான்.

அந்த நாடகத்தில் என்னை உண்மையாகவே வருத்தியது மார்மன்களின் சித்திரம் இல்லை. கதை நடக்கும் உகாண்டா கிராமத்தவர்களின் சித்திரம். மதம் பரப்ப வந்த அமெரிக்கப் பையன் எதைச் சொன்னாலும் வாய் பிளந்து கேட்கும் கூட்டமாக அவர்கள் வருகிறார்கள். 2020இல் அந்த நாடகத்தில் நடித்த கறுப்பினக் கலைஞர்களே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்டார்கள், அடுத்த ஆண்டு சில மாற்றங்களோடு மீண்டும் மேடையேறியது. ஆப்பிரிக்காவில் இந்த நம்பிக்கை வேரூன்றிய வரலாறு அந்த மேடையில் நடப்பதற்கு நேர் எதிரானது. கானாவில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்பவர் கையில் 1964இல் மார்மன் புத்தகம் கிடைத்தது. அவரே படித்தார், அவரே நம்பினார், அவரே ஊர் ஊராகப் போய்ச் சபைகளைக் கூட்டினார். கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் இல்லை என்ற விதியால் அமெரிக்காவிலிருந்து மிஷனரிகள் வரவில்லை. பதினான்கு வருடம் காத்திருந்தார்கள். 1978இல் விதி மாறி, ஆண்டு முடிவதற்குள் மிஷனரிகள் கானாவில் வந்து இறங்கியபோது அவர்கள் யாருக்கும் கதை சொல்லி மயக்கத் தேவை இருக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு நூற்றுக்கணக்கானோர் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள்.