510511 முதன்மை எண்ணா?

கேள்வி: மகள் பத்தாம் தரம். ரியூசன் குறிப்பில் 510511 முதன்மை எண் என்று இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி இல்லை என்கிறார். எது சரி? நிச்சயப்படுத்த எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டுமா? (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய்)

பதில்: தம்பி சொன்னதுதான் சரி, அம்மா. 510511 = 19 × 97 × 277. மகளை 19ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 26869 வரும், மீதி வராது.

எல்லா எண்ணாலும் வகுக்கத் தேவையில்லை. வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்களே போதும். இங்கே அது 714. இரண்டு காரணிகளும் 714ஐத் தாண்டினால் பெருக்கம் குறைந்தது 715 × 715, அதாவது 511225. நம் எண்ணை மிஞ்சிவிடுகிறது. ஆகவே ஒரு காரணியாவது 714க்குள் அகப்பட்டே தீரும்.

குறிப்பு எழுதியவர் எங்கே சறுக்கினார் என்பதும் தெரிகிறது. 2 × 3 × 5 × 7 × 11 × 13 × 17 = 510510. அதோடு 1 கூட்டினால் இந்த ஏழில் எதனால் வகுத்தாலும் மீதி 1. இதுவரை பிழையில்லை. ஆனால் ஏழு எண்களால் வகுபடவில்லை என்பதற்காக எதனாலுமே வகுபடாது என்று எப்படிச் சொல்வது? எட்டாவது முதன்மை எண்ணான 19 அங்கேயே காத்திருக்கிறதே! இதே முறையில் வரும் 7, 31, 211, 2311 நான்கும் முதன்மை எண்கள்தான். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடுத்த 30031ஐப் பாருங்கள்: 59 × 509. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் கி.மு. 300 அளவில் நிறுவியது வேறு. எத்தனை முதன்மை எண்களைப் பட்டியலிட்டாலும் அதில் இல்லாத ஒரு முதன்மை எண் எப்போதும் உண்டு என்றாரே தவிர, கூட்டி வரும் எண்ணே முதன்மை எண் என்று அவர் சொல்லவில்லை.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் போட்டோப் பிரதிகளாகக் கைமாறும் 'குறுக்குவழி'களைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். 6இன் மடங்குக்கு ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் முதன்மை எண் என்பார்கள். 25 அப்படித்தான் இருக்கிறது, 35உம் அப்படித்தான். 510511 கூட 6 × 85085 + 1. இலக்கச் சுட்டியை, அதாவது இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டி வரும் விடையை, பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் இதே ரகம். அது 3, 9 இரண்டாலும் வகுபடுமா என்பதைத்தான் காட்டித்தரும். பரீட்சை மண்டபத்தில் கல்குலேற்றருக்கு அனுமதியில்லை என்று தெரிந்தும் பிள்ளைக்குக் கையால் வகுக்கும் பொறுமையைப் பழக்காமல் சூத்திரம் விற்கிறார்கள். கணித ஆசிரியர் வெற்றிடங்களை வருடக்கணக்கில் நிரப்பாமல் வைத்திருப்பவர்கள்தான் இந்த வியாபாரத்துக்கு வழி திறந்துவிட்டவர்கள்.

இன்றிரவு மகளுக்கு 323ஐக் கொடுங்கள். வர்க்கமூலம் 18ஐத் தொடாது. 2, 3, 5, 7, 11, 13, 17 ஆகியவற்றால் வகுத்தால் போதும். அவள் 13உடன் நிறுத்திவிட்டால் 17 தப்பிவிடும். கடைசி எண் வரை போகச் சொல்லுங்கள்.