களி கிண்டற கென்யா அம்மா: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல குழந்தைங்க படப்புத்தகம் பத்திதான். அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வெச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எம் பொண்ணு ரெண்டாவது படிக்கிறா. பொறந்தநாளுக்கு உலக நாடுகள்னு ஒரு பெரிய படப்புத்தகம் வாங்கிக் குடுத்தேன். பக்கத்துக்கு ஒரு நாடு, ஒரு கொடி, ஒரு டிரெஸ். ரெண்டே நாள்ல மூலைல போட்டுட்டா. அதோட நிக்கல, ஆப்பிரிக்கான்னா இலை தழை கட்டிட்டு டான்ஸ் ஆடுவாங்கதானம்மான்னு கேக்கறா. எனக்கு சங்கடமா போச்சு. எந்த மாதிரி புக் வாங்கறது?
(ஒரு அம்மா, பாலக்கோடு)

பதில்: பாப்பா மேல தப்பே இல்லம்மா, அந்த புக் அவளுக்கு காட்டுனது அவ்வளவுதான். 54 நாடு இருக்கிற கண்டத்த ஒரே பக்கத்துல ஒரு டிரெஸ்ஸுக்குள்ள அடைச்சா குழந்தை வேற என்னதான் நினைக்கும்? நாளைக்கு யாரோ ஒருத்தர் இந்தியான்னு ஒரு பக்கம் போட்டு பாம்பாட்டி படத்த வெச்சா நமக்கு எப்படி இருக்கும், அதே கதைதான் இதுவும்.

எங்க தெருவுல சாயந்தரம் ஏழெட்டு பிள்ளைங்கள உக்கார வெச்சு கதை படிப்பேன். போன மாசம் கென்யாவுல நடக்கற ஒரு கதை. ஒரு பக்கத்துல அம்மா அடுப்புல பாத்திரத்த வெச்சு மரத்துடுப்புல மாவு கிண்டிட்டு இருக்காங்க, பக்கத்துல ஒரு பொண்ணு குந்தி உக்காந்து பாக்குது. நான் வாயே திறக்கல, மூணாவது படிக்கற ஒரு பையன் "ஐ, களி கிண்டறாங்க!"ன்னு கத்திட்டான். ஆமா, களியேதான். அங்க அதுக்கு உகாலின்னு பேரு. இப்ப பெரும்பாலும் மக்காச்சோள மாவுல செய்யறாங்க, கேழ்வரகு மாவுலயும் செய்யற ஊருங்க இருக்கு. கையில கொஞ்சம் பிச்சு, உருட்டி, கட்டைவிரலால அதுல ஒரு குழி பண்ணி, அந்தக் குழியில கீரைய அள்ளி வாயில போடுவாங்க. இத சொன்னதும் அத்தன பிள்ளைங்களும் கட்டைவிரல தூக்கிட்டு காத்துல குழி பண்ணி பாக்குதுங்க, ஒரு குட்டிப்பொண்ணு மட்டும் நாங்க மெல்ல மாட்டோம் முழுங்குவோம் அவங்களும் முழுங்குவாங்களான்னு கேட்டா.

அப்புறம்தான் நான் விஷயத்த சொன்னேன். நம்ம தருமபுரி மானாவாரி காட்டுல வெளையற இதே கேழ்வரகு முதல்ல பயிரானதே கிழக்கு ஆப்பிரிக்கா மேட்டு நிலத்துலதான், எத்தியோப்பியா, உகாண்டா பக்கம். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் தாண்டி இங்க வந்திருக்கு. நம்ம தட்டுல இருக்கிற உருண்டை அவங்க ஊரு தானியம். இத கேட்ட பிள்ளைங்க யாரும் அதுக்கப்புறம் இலை தழைன்னு பேசல.

அதனால கடையில புக்க கையில எடுத்ததும் அதுல வர்ற பிள்ளைக்கு ஒரு பேரு இருக்கான்னு பாருங்க. அது இன்னிக்கு ஏதாவது வேலை பண்ணுதா, அம்மாகிட்ட திட்டு வாங்குதா, மழையில நனையுதா, இல்ல சும்மா திருவிழா டிரெஸ்ஸ போட்டுட்டு நிக்குதா? எழுதுனவங்க, படம் போட்டவங்க அந்த ஊரு ஆளா, இல்ல அங்க வாழ்ந்து பாத்தவங்களான்னு அட்டையோட உள்பக்கத்துலயோ பின்னாடியோ போட்டிருக்கும், அதையும் ஒரு நிமிஷம் படிங்க. கொடியும் தலைநகரமும் அஞ்சாவதுல தானா வந்துடும், இப்ப அவசரம் இல்ல.

கேள்வி: எங்க வீட்ல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழ். எம் பையனுக்கு இதுவே கொழப்பமா இருக்கு, இதுல உலகம் வேறயா?
(ஓசூர் வாசகர்)

பதில்: கொழப்பம் இல்லைங்க, பெரிய சொத்து அது. உலகம் உங்க வாசல்லயே நிக்குது, அங்க இருந்தே ஆரம்பிங்க. சென்னை தூலிகா பதிப்பகம் இங்கிலீஷோட தமிழ், தெலுங்கு, கன்னடம்னு ரெண்டு மொழியும் ஒரே பக்கத்துல வர்ற மாதிரி படப்புத்தகம் போடறாங்க. தெலுங்குல ஒண்ணு, அதே கதை தமிழ்ல ஒண்ணு வாங்கி, பாட்டி அத படிக்கட்டும், பையன் இத படிக்கட்டும்.

இன்னொண்ணும் மனசுல இருக்கு, சொல்லிடறேன். பஸ் ஸ்டாண்டுல கண்ணாடி பதிச்ச பாவாடையோட லம்பாடி பாட்டிங்கள பாத்தா நம்ம பிள்ளைங்க விரல் நீட்டி சிரிக்குதுங்க, எனக்கு நெஞ்சு கொதிக்கும். ஜப்பான்காரங்க கிமோனோ டிரெஸ்ஸ ரசிக்க கத்துக்குடுத்துட்டு நம்ம மாவட்டத்து லம்பாடி, இருளர் இனப் பிள்ளைங்கள யாருன்னே தெரியாம வளத்தா அது என்ன படிப்பு?

அந்தப் பிள்ளைங்க பக்கம் நின்னும் பாக்கணும். அமெரிக்காவுல நான்சி லாரிக்னு ஒரு கல்வியாளர் 1965-ல ஒரு கட்டுரை எழுதுனாங்க. ஒரு அஞ்சு வயசு கறுப்பினக் குழந்தை, புக்ல ஏன் எப்பவும் வெள்ளைக்காரப் பிள்ளைங்களே இருக்காங்கன்னு கேட்டதுல இருந்துதான் அந்தக் கட்டுரையே ஆரம்பிக்கும். மூணு வருஷத்துல வந்த 5,206 குழந்தைங்க புக்க வெச்சு கணக்கு பாத்தாங்க, கறுப்பின மனுஷங்க வர்றது வெறும் 6.7 சதவீதம். நம்ம சித்தேரி மலையில இருக்கற பழங்குடிப் பிள்ளை ஒண்ணு நம்ம தமிழ் புக்க பிரிச்சு வெச்சுட்டு இதே கேள்விய கேட்டா என்ன பதில் சொல்வோம்?

கேள்வி: நாங்க கூலி வேலை செய்யறவங்க. ஒரு படப்புத்தகம் 200, 300 ரூபாங்கறாங்க. எங்க பிள்ளைங்களுக்கு?
(அரூர் பக்கம் ஒரு அப்பா)

பதில்: காசே இல்லாம வழி இருக்குங்க அண்ணா. பெங்களூர் பிரதம் புக்ஸ்காரங்க 2015-ல ஸ்டோரிவீவர்னு ஒரு வெப்சைட் ஆரம்பிச்சாங்க. மொபைல்ல திறந்து தமிழ்னு தேர்ந்தெடுத்தா படத்தோட கதைங்க வரும், ஆப்பிரிக்கக் கதை கூட இருக்கு. எல்லாம் ஃப்ரீ, டவுன்லோட் பண்ணலாம், ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு ஊசி நூலால தைச்சுக்கலாம், அவங்களே அதுக்கு அனுமதி குடுத்திருக்காங்க. நேஷனல் புக் டிரஸ்ட் புக்கும் விலை கம்மி. அரசுப் பள்ளின்னா வாசிப்பு இயக்கம் புக் நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியில வந்திருக்கும், டீச்சர்கிட்ட கேளுங்க.

நானும் புக் வாங்க வழி இல்லாத வீட்டுப் பொண்ணுதான். மாஸ்கோவுல தமிழ்லயே அச்சடிச்ச ரஷ்யப் படப்புத்தகங்கள அப்ப நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரங்க ரொம்ப கம்மி விலைக்கு வித்தாங்க, எங்க அப்பா ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. வழவழன்னு தாளு. பனியில நடக்கற ஒரு பாட்டி, மேசை மேல நம்ம டீக்கடை பாய்லர் மாதிரியே ஒண்ணு, அதுக்கு சமோவார்னு பேரு. காவேரிப்பட்டணம் வெயில்ல திண்ணைல உக்காந்துட்டு அந்தப் பனிய விரலால தடவிப் பாத்திருக்கேன், ஜில்லுன்னு இருக்கும்னே நம்புனேன். 1991-ல சோவியத் உடைஞ்சப்புறம் அந்த புக் வரத்து நின்னுபோச்சு. ஒரு புக் போதும்ணா, நூறு தடவ படிப்பாங்க.

கேள்வி: நான் அஞ்சாவது படிக்கிறேன். வெளிநாட்டுக்காரங்க ஊர நம்ம ஊரு ஆளு யாராச்சும் புக்கா வரைஞ்சிருக்காங்களா?
(பென்னாகரம்)

பதில்: வரைஞ்சிருக்காரு தம்பி! மத்தியப் பிரதேசத்துல பாட்டன்கர்ங்கற கிராமத்து கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம். லண்டன்ல ஒரு ஹோட்டல் சுவத்துல படம் வரைய போனாரு, திரும்பி வந்து தான் பாத்த லண்டன கோண்டு முறையில வரைஞ்சாரு. 2004-ல சென்னை தாரா புக்ஸ் அத லண்டன் ஜங்கிள் புக்னு போட்டாங்க. அதுல பிக் பென்ங்கற பெரிய மணிக்கூண்ட சேவலோட சேத்து வரைஞ்சிருக்காரு, ஏன்னா அவங்க ஊர்ல நேரம் சொல்றது சேவல்தானே. தரைக்கு அடியில ஓடற ரயிலு ஒரு நீளமான மண்புழு. லண்டன்காரங்களே அவங்க ஊர அப்படி பாத்திருக்க மாட்டாங்க.

நீ ஒரு வேலை பண்ணு. மேல சொன்னேன்ல, அந்த கென்யா பொண்ணு, அதுக்கு உங்க வீட்டுக் களிய வரைஞ்சு காட்டணும்னு வெச்சுக்கோ. உலை கொதிக்கறது, மாவு கொட்றது, அம்மா ரெண்டு காலாலயும் சட்டிய அண்டக்குடுத்து கிண்டறது, தண்ணி தொட்டு உருண்டை பிடிக்கறது, எல்லாம் வேணும். ஆறு பக்கம் போதும். ஆறாவது பக்கத்துல பக்கத்து கிண்ணத்துல என்ன குழம்புன்னு மறக்காம எழுதி எனக்கு அனுப்பு, அடுத்த மாசம் இதே பக்கத்துல போடறேன்.