எரித்ரியர்கள் போன இடத்திலும் ஏன் தங்களுக்குள் மோதிக்கொள்கிறார்கள்?

2023இல் ஸ்டாக்ஹோம், டெல் அவிவ், ஸ்டுட்கார்ட் என்று, வடகிழக்கு ஆப்பிரிக்க நாடான எரித்ரியாவின் அரசை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் மோதிக்கொண்டதை வைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இது இனக்குழுச் சண்டை அல்ல. இரு பக்கமும் பெரும்பாலும் திக்ரின்யா பேசுபவர்கள்தான். "ஆப்பிரிக்கர்கள் மோதல்" என்று தலைப்புப் போட்டு ஒரு கண்டத்தையே ஒரு நாடாக்கிவிடும் நம் செய்தியாளர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

யார் எப்போது வெளியேறினார் என்று பாருங்கள். எத்தியோப்பியாவுக்கு எதிரான விடுதலைப் போர்க்காலத்தில் (1961–91) ஐரோப்பா வந்தவர்கள், சம்பளத்தில் ஒரு பங்கை விடுதலை முன்னணிக்குக் கொடுத்தவர்கள். 1974 முதல் இத்தாலியின் பொலோன்யாவில் கூடிய விழா அவர்களுடையது. அவர்களில் பலருக்கு அதிபர் இசையாஸ் அஃபெவெர்கி நாட்டை வாங்கித் தந்தவர். 2000க்குப் பின் வந்தவர்களோ அதே இசையாஸிடமிருந்து தப்பியவர்கள். சட்டப்படி 18 மாதமான கட்டாயத் தேசியச் சேவை, எத்தியோப்பியாவுடனான 1998–2000 எல்லைப் போருக்குப் பிறகு முடிவே இல்லாததாகிவிட்டது. பள்ளியின் கடைசி ஆண்டைக்கூட சாவா ராணுவ முகாமில்தான் படிக்க வேண்டும்.

உரசல் தூதரகத்தில் தொடங்குகிறது. பாஸ்போர்ட், சான்றிதழ், ஊரில் சொத்து விவகாரம் என்று போனால் வருமானத்தில் 2 சதவீத வரி கட்டினாயா என்பார்கள். அனுமதியின்றி வெளியேறியவர் வருத்தக் கடிதத்திலும் கையெழுத்திட வேண்டும்: சேவையை முடிக்காதது குற்றம், உரிய தண்டனையை ஏற்கிறேன் என்று. பாஸ்போர்ட் வாங்கி வா என்று ஜெர்மன் அலுவலகங்களே இவர்களை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தன. 2022 அக்டோபரில்தான் லைப்ஸிக் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், விருப்பமில்லாதவரை அந்தக் கடிதத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது.

இப்படிப் பணமும் கையெழுத்தும் கொடுத்தவன் கண்முன்னே, அதே அரசைக் கொண்டாடும் விழாவுக்கு நகரமே மண்டபம் தருகிறது. காவல்துறை அதைக் கலாச்சார நிகழ்ச்சி என்று எண்ணுகிறது. எதிர்ப்பவர்களுக்கு அது நிதி திரட்டும் இடம், யார் யார் என்று அரசு குறித்துக்கொள்ளும் இடம். இன்றைய கொடிக்குப் பதில், எரித்ரியாவின் பழைய, 1952இன் நீலக் கொடியோடு வாசலில் திரள்கிறார்கள். டெல் அவிவில் விழாவை ரத்து செய்யுமாறு முன்கூட்டியே கேட்டிருந்தார்கள்; நடக்கவில்லை. அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போய், 150 பேருக்கு மேல் காயமடைந்தார்கள்.

வன்முறைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் வர வேண்டாம். கல்லும் கட்டையும் எடுத்தவர்கள் தண்டனைக்குரியவர்களே. ஆதரவாளர்கள் எல்லாரும் கைக்கூலிகள் என்றும் சொல்ல மாட்டேன். விடுதலைப் போரில் தம்பியைப் பறிகொடுத்தவருக்கு இன்றைய கொடி பெரிது.

ஆனால் மிரட்டி வரி வாங்குவதை நிறுத்தச் சொல்லி ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானம் போட்டது 2011 டிசம்பரில். நெதர்லாந்து எரித்ரியத் தூதரகப் பொறுப்பாளரை வெளியேற்றியது 2018 ஜனவரியில். அப்போதும் தூதரகத்தை மூடவில்லை.