ஓடாத அந்தப் பத்து கணினிகளைப் பற்றி

வணக்கம். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்கு 40 பழைய கணினிகளை நன்கொடையாக அனுப்புவதாகவும், அதில் 10 ஓடாது, அங்கே பழுதுபார்த்துக்கொள்வார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பத்தைத் தயவுசெய்து தனியே எடுத்துவையுங்கள். பழுதானதைப் பல நாடுகள் கழிவாகவே பார்க்கும். கழிவுகளை நாடுவிட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் என்ற பன்னாட்டு உடன்படிக்கைப்படி, 2025 ஜனவரி 1 முதல் ஆபத்தில்லாத மின்னணுக் கழிவுக்கும் பெறும் நாட்டின் எழுத்துமூல முன்சம்மதம் வேண்டும்.

மற்ற முப்பதையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து, சோதித்த தேதியோடு சீட்டு ஒட்டுங்கள். தனித்தனியாகப் பொதியுங்கள்; குவியலாகக் கிடந்தால் சுங்கத்தில் சந்தேகம் வரும். அப்புறம், பழைய, பெட்டி போன்ற படக்குழாய்க் கணினித் திரைகளைச் (CRT) சேர்க்கவே வேண்டாம். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அங்கே அதை உடைப்பது ஒரு சிறுவனின் வெறுங்கையாக இருக்கலாம்.