எச்-4 விசாவில் வேலை செய்யலாமா? – கடிதம்

அன்புள்ள அம்மா,

கணவர் நியூஜெர்சியில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். எனக்கு மனைவிக்கான எச்-4 விசா ஸ்டாம்பிங் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறேன். போனதும் வேலை தேடலாமா? இங்குள்ள கம்பெனி அங்கிருந்தே வேலை பார்க்கச் சொல்கிறது. சரிப்படுமா?

வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

எச்-4-இல் தங்கலாம், படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்க இஏடி என்னும் வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015 மே 26 முதல் எச்-4 மனைவியருக்கும் அது கிடைக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. கணவரின் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு, அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும். அல்லது கிரீன் கார்டு வேலை நடப்பதைக் காட்டி, ஆறு வருடத்துக்கு மேல் அவர் எச்-1பி நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். இன்றே அவரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வேலையின் முதல் படியான பெர்ம்-ஐக்கூட அவருடைய கம்பெனி தொடங்கவில்லை என்றால், நீங்கள் ஒரு வருடத்துக்கும் மேல் வீட்டில் இருக்க நேரும். சொந்தச் சம்பளத்தில் நின்ற பெண்ணுக்கு அது சின்ன விஷயமே இல்லை. தெரிந்துகொண்ட பிறகு ராஜினாமா கொடுங்கள்.

கோவைக் கம்பெனிக்கு அங்கிருந்து வேலை பார்ப்பது வேண்டாம். சம்பளம் ரூபாயில் வந்தாலும் வேலை நடப்பது அமெரிக்க மண்ணில். பின்னால் கிரீன் கார்டு சமயத்தில் அது கேள்வியாக வரலாம்.

ஐ-140 இருந்தால், இஏடி-க்கான விண்ணப்பப் படிவம் ஐ-765, பிரிவு சி26. கல்யாண மண்டப ரசீதும் பத்திரிகையும் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த திருமணச் சான்றிதழ் வேண்டும். அது தமிழில் இருந்தால், மொழிபெயர்த்தவர் உறுதிமொழியோடு ஆங்கிலப் பிரதியும் வைக்க வேண்டும். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் ஊரிலேயே சரிசெய்துவிடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் அதே படிவத்தில் கேட்கலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது பாஸ்போர்ட் தேதியை. நீங்கள் எதுவரை அங்கே தங்கலாம் என்று காட்டும் பதிவு ஐ-94. அட்டை அந்தத் தேதிக்கு மேல் போகாது. கணவரின் எச்-1பி மூன்று வருடம் இருந்தாலும், உங்கள் பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் முடிகிறது என்றால், விமான நிலைய அதிகாரி ஐ-94-ஐ அந்தத் தேதியோடு நிறுத்திவிடக்கூடும். வேலை அனுமதியும் அங்கேயே நிற்கும். எனவே புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். விசா உள்ள பழையதையும் கையில் வைத்திருங்கள். இறங்கியதும் ஐ-94-ஐ இணையத்தில் எடுத்துப் பாருங்கள்.

அட்டை வந்த பிறகு, முடியும் தேதிக்கு 180 நாள் முன்பே புதுப்பிக்கப் போடுங்கள். 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்குத் தானாக நீளும் சலுகை இல்லை. புது அட்டை வராமல் பழையது முடிந்தால், மறுநாள் வேலைக்குப் போக முடியாது.