அரிசோனா பாலைப் புற்கள்: ஹெர்பேரியம் தாள்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், ஹெர்பேரியம் தாளில், அதாவது உலர்த்திய செடியை ஒட்டிப் பாதுகாக்கும் தாளில், புல்லை வேரோடு ஒட்டுகிறார்களே, கதிர் மட்டும் போதாதா?

பதில்: போதாது. ஓராண்டுப் புல்லா, பல்லாண்டுப் புல்லா என்பதை அடித்தூரையும் வேரையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். நெட்டைப் புல் என்றால் ‘வி’ அல்லது ‘என்’ வடிவில் மடித்து ஒட்டிவிடுவார்கள். உதிர்ந்த மணிகள் தாளின் ஓரத்திலுள்ள சின்னக் காகித உறைக்குள் இருக்கும்.

கேள்வி: அரிசோனாவில் ‘பஃபல் புல்’ என்று பிடுங்கி எறிகிறார்களே, அது நம் கொழுக்கட்டைப் புல்லா?

பதில்: அதேதான், சென்க்ரஸ் சிலியாரிஸ். கொங்குப் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் மாட்டுக்கு அருமையான தீவனம். அரிசோனாவுக்கு 1930களில் மேய்ச்சலுக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் கொண்டுபோனார்கள். அங்குள்ள சொனோரா பாலையில் செடிக்குச் செடி வெறும் தரை கிடக்கும், அதனால் தீ பிடித்தாலும் அவ்வளவாகப் பரவாது. இந்தப் புல் அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. தீயில் சகுவாரோ கள்ளி செத்துப்போகும், புல்லோ தூரிலிருந்து மறுபடி தழைக்கும். 2005இல் அம்மாநிலம் இதைத் தீங்குக்களைப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: அப்படியானால் பழைய தாள்களை வைத்து அது எங்கே, எப்போது முளைத்தது என்று கண்டுபிடிக்கலாமே?

பதில்: ஓரளவுக்குத்தான். அந்தத் தேதியில் அந்த இடத்தில் அது நின்றது என்பதற்குத் தாள் சாட்சி. அதற்கு முன் இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல. சேகரிப்பவர் அரிய செடியைத் தேடித்தான் அலைவார், களையை யார் மெனக்கெட்டு அழுத்தி உலர்த்துவார்? அதோடு, வண்டி போகிற சாலையோரத் தாள்களே அதிகம். வரைபடத்தில் ஓரிடம் காலியாக இருந்தால், அங்கே ஆளே போகாமலும் இருந்திருக்கலாம்.

கேள்வி: லேபிளில் ஆண்டு இல்லை, ‘அரிசோனா டெரிட்டரி’ என்று மட்டும் அச்சாகியிருக்கிறது.

பதில்: பெரும்பாலும் 1912க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் அரிசோனா மாநிலமானது. பழைய அச்சு லேபிளைத் தீரும்வரை ஒட்டியிருக்கவும் கூடும்.

கேள்வி: அங்குள்ள இன்னொரு புல்லான இந்தியன் ரைஸ்கிராஸுக்கு ஏன் இத்தனை பெயர்?

பதில்: ஓரைசாப்சிஸ், அக்னாதெரம், எரியோகோமா என்று பேரினம்தான் மாறிக்கொண்டே போகிறது, ஹைமெனாய்டிஸ் என்ற சிற்றினப் பெயர் அப்படியே இருக்கிறது. தாளில் பழைய பெயரை அடிக்காமல் பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டுவார்கள். செய்நெட் (SEINet) என்னும் ஹெர்பேரியம் இணையத் தரவுதளத்தில் தேடும்போது பழைய பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாளின் படத்தில் கொழுக்கட்டைப் புல்லும் அந்த ஊர் செட்டேரியா என்ற புல்லும் ஒரே மாதிரி தெரிகின்றன.

பதில்: முதிர்ந்த கதிரைப் பெரிதாக்கிப் பாருங்கள். செட்டேரியாவில் மணி உதிர்ந்த பிறகும் சிலிர்முடி காம்பிலேயே நிற்கும். கொழுக்கட்டையில் மணியும் முடியும் கொத்தோடு விழுந்து காம்பு மொட்டையாகிவிடும். இளங்கதிர் என்றால் படத்தை நம்ப வேண்டாம், தாளை வைத்திருப்பவர்களுக்கு எழுதி உறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.